நான் திருத்தாத ஒரே தாள்

யாராவது 'வெட்னஸ்டே' என்று நடுவில் ஒரு டகரத்தை அழுத்திச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். 'டிஸ்கஸ் அபவுட்' என்கிறவர்கள், 'ரிவர்ட் பேக்' என்று மெயில் போடுகிறவர்கள், 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொல்கிறவர்கள், எல்லாரும் என் ரத்தக்கொதிப்பை ஏற்றுவதற்கென்றே டெல்லியில் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் மனமார நம்பினேன். காலையில் பால் கொண்டுவரும் பையா 'இஸ்கூல்' என்றால் எனக்கு ஒன்றும் செய்யாது. பாவம், அவருக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் 'ப்ளெஷர்' என்பதை 'ப்ளேஜர் இஸ் மைன்' என்றால் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

என் வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். கீழே இருப்பவர்கள் எழுதிக்கொண்டு வரும் கடிதங்களைப் பார்த்து, சரிசெய்து, மேலே அனுப்ப வேண்டும். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் நான் கடிதங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால்தான் திருத்துவேன். வட்டம் போட்டு, ஓரத்தில் காரணம் எழுதி, திருப்பி அனுப்புவேன். என் மேசைக்கு வந்த தாள் கன்னம் சிவக்காமல் திரும்பாது என்று பின்னால் பேசிக்கொள்வார்கள் என்று தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருச்சிப் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, தேர்வெழுதி, இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்தவள் நான். சேர்ந்த முதல் மாதமே ஒரு கூட்டத்தில் கோப்பு எண்களை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு எண்ணில் எம் என்ற எழுத்து இரண்டு தடவை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபடி 'யெம், யெம்' என்றேன். மூலையிலிருந்து ஒருவர் ஆடு மாதிரி 'மே, மே' என்றார். அறையே சிரித்தது. அடக்கமாட்டாமல் சிரித்து, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்த ஆசாமி, ரயில் நிலையத்தை 'இஷ்டேஷன்' என்று சொல்கிறவர். அவர் சொல்வதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அங்கே எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த நியாயம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஆறு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'யெம் யெம் மேடம்' என்றார்கள். கழிப்பறையில் போய் அழுதிருக்கிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அழுது முடித்தபின் வைராக்கியம் வந்தது. ரேடியோவில் ஆங்கிலச் செய்தி வாசிப்பதைக் கேட்டு, கண்ணாடி முன்னால் நின்று, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பழகினேன். ஐந்து வருடத்தில் அதே ஆபீசில் என் ஆங்கிலத்தைக் கண்டு பயந்தார்கள். பயந்தார்கள் என்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

அப்போதுதான் ஒரு பெண் எங்கள் செக்ஷனுக்கு அசிஸ்டென்டாக வந்தாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிக்காரி. தெற்கு டெல்லி முனிர்காவில் ஒரு மாடியறையில் தனியாக இருந்தாள். கணவர் ஊரில் பள்ளி ஆசிரியர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, மாமியார் வீட்டில். பரீட்சையில் பாஸாகி வேலை கிடைத்தது, போஸ்டிங் டெல்லியில் விழுந்தது. வேலையை வேண்டாமென்று விட்டால், வீடு கட்ட வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று யோசித்துக் கிளம்பி வந்தவள். வருடத்துக்கு ஒரு முறை எங்கள் ஆபீசில் மாறுதல் பட்டியல் போடுவார்கள். கணவன் வேலை செய்யும் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம். அவள் ஊருக்குப் பக்கமாக மதுரையில் எங்களுக்குக் கிளை உண்டு. அதற்காகத்தான் அவள் ஒரு நாளை இன்னொரு நாளோடு கோத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜூனில் குழந்தை பள்ளிக்கூடம் சேர வேண்டும். அதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

என் குவார்ட்டர்ஸும் முனிர்கா பக்கம்தான் என்பதால் மெட்ரோவில் ஒன்றாகப் போய்வந்தோம். ஆபீசில் மேடம், பெண்கள் பெட்டியில் ஏறிக் கதவு மூடியதும் அக்கா. "ஏக்கா, இன்னைக்குப் பாப்பா போன்ல என்ன கேட்டா தெரியுமா?" என்று தொடங்கினால் இறங்குகிறவரைக்கும் பேச்சு ஓயாது. நான் தமிழ் கேட்கிற சுகத்தில் கேட்டுக்கொண்டு வருவேன். நடுவில் ஒரு ஆங்கிலச் சொல் வழுக்கினால் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியாது.

"லீவுக்கு எழுதிக் குடுத்ததுக்கு ரிசிப்ட் குடுத்தாங்கக்கா."

"ரிஸீட். பி சைலண்ட்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "ஒங்க முன்னாடி பி மட்டுமில்லக்கா, நானும் சைலண்ட்தான்."

நானும் சிரித்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது, இவளைப் பார்த்து எவனும் ஆடு மாதிரி கத்தக் கூடாது. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. திருத்தும்போது ஒரு ருசி இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பட்டியலுக்கான அறிவிப்பு வந்ததும் அவள் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் என்றாலும் சொந்த விண்ணப்பம் மட்டும் எங்களிடம் கையெழுத்துப் போட்ட தாளாகத்தான் போகும், அதுவும் செக்ஷன் ஆபீசர் வழியாக. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கீழே 'ஃபார்வேர்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே நாலாம் மாடிக்கு அனுப்ப வேண்டும். அது என் கடிதம் இல்லை. அதன் ஆங்கிலத்துக்கு நான் பொறுப்பும் இல்லை.

ஆனால் முதல் வரியிலேயே 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று இருந்தது. யாரிடம் பிச்சை கேட்கிறாள் இவள்? பேனா தானாகக் கைக்கு வந்தது. 'ஐ ஆம் ஹேவிங் ஒன் டாட்டர்.' ஒரு வட்டம். குழந்தையைப் பற்றி அடுத்து வந்த வரியில் இரண்டு வட்டம். ஒரு பக்கத் தாளில் பதினைந்து இடம் சிவந்துவிட்டது. "இதை இப்படியே அனுப்பினா மேல இருக்கறவங்க சிரிப்பாங்க. நல்லா எழுதிக்கிட்டு வா" என்று கொடுத்தேன். "சரி மேடம்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாம் தடவை வட்டம் போட்ட இடங்களை எல்லாம் சரிசெய்து, புதிதாக நாலு வரி சேர்த்திருந்தாள். அந்த நாலு வரியிலும் தப்பு. திருப்பினேன். அன்று மெட்ரோவில் அவள் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருந்தாள். 'டூ த நீட்ஃபுல் அண்ட் ஒப்லைஜ்' என்று முடிந்தது. எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. சொந்தமாக எழுது என்றால் ஊர்ப்பட்ட குமாஸ்தாத்தனத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாளே! இதை அவசரமாகத் திருத்தக் கூடாது, ஆற அமர உட்கார்ந்து ஒரு பாடமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை கடைசித் தேதி என்று எனக்குத் தெரியும். ஆனால் அரசு ஆபீசில் வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த புதன்கிழமை என்று அர்த்தம். முப்பது வருடத்தில் எந்தக் கடைசித் தேதியும் கடைசித் தேதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்களை மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

வெள்ளிக்கிழமை காலை என் பாடத்தை எழுதிக் கொடுத்தேன். மதியம் திடீரென்று மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். மூன்றரை மணிவாக்கில் மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் நிற்பதைப் பார்த்தேன். கையில் புதுத்தாள். என் கண்ணைப் பார்த்து அதை லேசாகத் தூக்கிக் காட்டினாள். நான் உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றாள். எழுந்து போய் ஒரு கையெழுத்துப் போட அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் 'டெவலெப்மென்ட்' 'டெவலெப்மென்ட்' என்று பேசிக்கொண்டிருந்தார், நான் மனசுக்குள் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்து, தாளை வாங்கிப் படித்தேன். அப்போதும் படித்தேன்! ஒரு தப்பும் இல்லை. "இப்ப பார், எவ்வளவு அழகா இருக்கு!" என்று கையெழுத்துப் போட்டேன். அவள் ஓடினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினாள்.

நாலாம் மாடியில் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். சரியாக ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிட்டார். திங்கட்கிழமை நானே போன் போட்டு, தவறு என்னுடையது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றேன். அவர் விதிகளை எடுத்து விளக்கினார். எத்தனை சுத்தமான ஆங்கிலம், என்ன உச்சரிப்பு! ஒரு இடத்தில் விரல் வைக்க முடியாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவளிடம் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து அதற்குப் பதிலெல்லாம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. "பரவால்ல மேடம்" என்றாள். அன்று சாயங்காலம் மெட்ரோவில் கதவு மூடிய பிறகும் மேடம்தான். ஒரு வாரம் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். அப்புறம், ஆபீசில் மதியம் நடக்கிற ஹிந்தி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், விட்ட வேலையை முடித்துவிட்டு வர நேரமாகும், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லிவிட்டாள். ஹிந்தி தெரியாத ஊழியர்களுக்காக அப்படி ஒரு வகுப்பு நடப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஜூனில் அந்தக் குழந்தை அம்மா இல்லாமல் பள்ளிக்கூடம் சேர்ந்தது. இதுவும் எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் நாளே போயிருக்குமே என்று உள்ளுக்குள் வாதாடினேன். மாதக்கணக்கில் வாதாடினேன். எதிர்த்தரப்பில் யாரும் இல்லாத வழக்கு, ஆனாலும் ஜெயிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் அறிவிப்பு வந்த அன்றைக்கே அவள் என் மேசை முன்னால் வந்து நின்றாள். நான் சிவப்புப் பேனாவை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். எதுவாக இருந்தாலும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று அவளுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். தாளை வைத்தாள். கையால் எழுதியது. உருண்டை உருண்டையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி, மேலே கோடு இழுத்த எழுத்துகள்.

"என்னது, ஹிந்தியில?"

"ரூல்ல இருக்கு மேடம். இங்கிலீஷ்லயும் குடுக்கலாம், ஹிந்திலயும் குடுக்கலாம்."

குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக டெல்லியில் இருக்கிறேன், காய்கறி மண்டியில் சண்டை போடுகிற அளவுக்கு ஹிந்தி பேசுவேன். எழுதினதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் எது சரி எது தப்பு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். திருநெல்வேலிக்காரி திருச்சிக்காரியிடம் பிள்ளையைப் பார்க்கப் போக அனுமதி கேட்பதற்கு, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷையை ஒரு வருடம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டேன். "தேங்க் யூ மேடம்" என்று போய்விட்டாள்.

பக்கத்து மேசையில் ஹரியானாக்காரர் ஒருவர், ஓய்வு பெறப் போகிறவர், டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை அவரிடம் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அரே மேடம்ஜி, வரிக்கு வரி கல்தி, ஒரே தப்பு!" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். "ஆண்பால் பெண்பாலைக் குழப்பி, புருஷனைப் பொம்பளையாக்கி வெச்சிருக்கா. ஆனா விஷயம் அச்சா புரியுது. பாருங்க, இந்த இடம்." விரலை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு எனக்குப் புரியட்டும் என்று எளிய ஹிந்தியில் திரும்பச் சொன்னார். "அம்மா எங்கேன்னு கேட்டா, என் பொண்ணு போனைக் காட்டுறா. இப்படி எழுதியிருக்கா."

"ஐயோ, இது எனக்குத் தெரியாதே" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, தெரியும் என்று ஞாபகம் வந்தது. 'மை டாட்டர் இஸ் ஷோயிங் த போன் அண்ட் டெல்லிங் மதர்.' போன வருடத்து முதல் தாளில், குழந்தையைப் பற்றிய அந்த இரண்டாவது வரி. 'ஷோயிங்'குக்கு ஒரு வட்டம், 'டெல்லிங்'குக்கு ஒரு வட்டம் போட்டிருந்தேன். ஓரத்தில் நான் எழுதின குறிப்புகூட வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. இரண்டாம் தாளில் அது சரியான இலக்கணத்தில் வந்தது, அதையும் படித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றுகொண்டே படித்த தாளிலும் அது இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னேனே, அதைத்தான் சொன்னேன். திரும்பத் திரும்ப என் கண் முன்னால் வந்து நின்ற அந்தப் பிள்ளையை, எனக்குத் திருத்தத் தெரியாத பாஷையில் தப்பும் தவறுமாக எழுதினதை யாரோ ஒருவர் படித்துக் காட்டித்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி டீயைக் குடித்தார்.

பியூனிடம் கொடுக்காமல் நானே நாலாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "மேடம், நீங்களேவா?" என்றான். ஆமாம், நானேதான் என்றேன். ரிசிப்ட் தரட்டுமா என்றான், பகரத்தை நன்றாக அழுத்தி. கொடப்பா என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

உத்தரவு வந்தது, மதுரைக்கு. கடைசி நாள் செக்ஷனில் சமோசாவும் பர்ஃபியும் வைத்து வழியனுப்பினோம். எல்லாரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். என்னைப் பேசச் சொன்னபோது, முப்பது வருடமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட வாய்க்கு வரவில்லை. "நல்லா இரும்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போகும்போது என் மேசைக்கு வந்து, "போயிட்டு வாரேன் மேடம்" என்றாள். ஒரே ஒரு தடவை அக்கா என்று சொல்லேன் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

சிவப்புப் பேனாவை விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. ஆபீஸ் கடிதங்களை இன்னும் திருத்துகிறேன், 'வெட்னஸ்டே' கேட்டால் இன்னும் கூசுகிறது. சொந்த விண்ணப்பம் வந்தால் மட்டும் படிப்பதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் படிக்கிறேன்.

அவள் போய் மூன்று மாதம் கழித்து, பொறுக்க மாட்டாமல் வாட்ஸ்அப்பில் எழுதினேன். தமிழில்தான். பாப்பா எப்படி இருக்கா, உன்கிட்ட ஒட்டிக்கிட்டாளா என்று கேட்டேன். படித்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. அவள் எழுதுகிறாள் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடியும் நின்றது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு போட்டோ வந்தது. ரெட்டைப் பின்னலும் சீருடையுமாக அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள், அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதற்குக் கீழே கும்பிடுகிற கைகள், அந்தச் சின்னப் படம். அவ்வளவுதான். ஒரு எழுத்துகூட எழுதவில்லை, தமிழிலும்கூட.